அடைப்பான் நோயை அடக்கிய லூயி பாஸ்டர்: கால்நடை வளர்ப்போர் அறிய வேண்டிய வாழ்க்கை

நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த ஆடு, விடிந்து பார்த்தால் பட்டியில் செத்துக் கிடக்கிறது. வயிறு ஊதியிருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் கசிகிறது. அது உறையவும் இல்லை. இந்த நிலையில் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

தோலை உரித்துக் கறியையாவது காசாக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓடைக்கரையில் போட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. இரண்டுமே மீதமுள்ள மந்தைக்கும் உங்கள் குடும்பத்துக்கும் ஆபத்து. செத்த ஒரு ஆடு எப்படிப் பல ஆண்டுகளுக்கு ஒரு நிலத்தையே கெடுத்து வைக்கும் என்பதை விவசாயிகளுக்கு விளங்க வைத்தவர், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த லூயி பாஸ்டர்.

பாஸ்டர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பால் பதப்படுத்தும் முறையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும்தான். ஆனால் அவருடைய உழைப்பில் பெரும்பகுதி பட்டுப்புழு வளர்ப்பு மனையிலும், ஆட்டுப்பட்டியிலும், கோழிக்கூண்டின் முன்னாலும்தான் கழிந்தது. இத்தனைக்கும் அவர் மருத்துவரும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. வேதியியல் படித்தவர். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், உங்கள் பண்ணையில் இன்று செய்ய வேண்டிய பல வேலைகளுக்கான காரணம் புரியும்.

தோல் பதனிடுபவரின் மகன்

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று, கிழக்கு பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள டோல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் இருந்து திரும்பியவர். தோல் பதனிடும் தொழில் செய்தார். பாஸ்டர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் ஆர்புவா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளி நாட்களில் அவருக்குப் படம் வரைவதில்தான் ஆர்வம் அதிகம். பிறகு பாரிஸ் சென்று வேதியியல் படித்தார். 1849இல் மாரி லோரான் என்பவரை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல எழுதித் தருவது முதல் பட்டுப்புழு வளர்ப்பது வரை அந்த அம்மையார் கடைசிவரை உடன் உழைத்தார்.

1854இல் வட பிரான்சின் லீல் நகரக் கல்லூரியில் பாஸ்டர் பொறுப்பேற்றார். அந்தப் பகுதியில் சர்க்கரைக் கிழங்கிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைகள் இருந்தன. சில தொட்டிகளில் சாறு நன்றாகப் புளித்தது, சிலவற்றில் கெட்டுப்போனது. காரணம் கேட்டு வந்தவர்களுக்காக அவர் இரண்டு வகைத் தொட்டிகளிலிருந்தும் சாறு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் ஒரு வகை நுண்ணுயிரும் கெட்ட தொட்டியில் வேறு வகை நுண்ணுயிரும் இருந்தன. புளிப்பதும் கெடுவதும் உயிருள்ள கிருமிகளின் வேலை என்று அவர் உறுதி செய்தார்.

அந்தக் காலத்தில், அழுகும் பொருளிலிருந்து கிருமிகள் தாமாகவே உண்டாகின்றன என்று பலரும் நம்பினார்கள். கிருமி வெளியிலிருந்துதான் வருகிறது என்பதை பாஸ்டர் நிரூபித்தார். காற்று போகும், தூசு போகாது என்ற வகையில் கழுத்து வளைந்த கண்ணாடிக் குடுவைகளில் சாற்றைக் கொதிக்க வைத்து விட்டுவிட்டார், அது கெடவில்லை. திராட்சை மதுவை அளவாகச் சூடாக்கினால் கிருமி அழிந்து, மது கெடாமல் இருக்கும் என்றும் 1860களில் காட்டினார். இதுதான் அவர் பெயரால் வழங்கும் பதப்படுத்தும் முறை. பாலுக்கு அந்த முறை பின்னால்தான் வந்தது.

கிருமி வெளியிலிருந்து வருகிறது என்றால், அது வரும் வழி ஒன்று இருக்க வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடித்தால் அடைத்துவிடலாம். பாஸ்டர் கால்நடைகளுக்குச் செய்ததெல்லாம் இந்த ஒரு எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

பட்டுப்புழுவில் கற்ற பாடம்: விதை சுத்தமாக இருக்க வேண்டும்

1865இல் தென் பிரான்சின் பட்டு விவசாயிகள் அழிவின் விளிம்பில் இருந்தார்கள். 1853இல் சுமார் 2.6 கோடி கிலோவாக இருந்த பிரான்சின் பட்டுக்கூடு விளைச்சல், 1865இல் சுமார் 40 லட்சம் கிலோவாகச் சரிந்திருந்தது. புழுக்களின் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றின. அதனால் அந்த நோய்க்கு பெப்ரின் என்று பெயர். நம் ஊர்ப் பட்டு விவசாயிகளும் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள்.

அரசு சார்பில் பாஸ்டரை அங்கே போகச் சொன்னார்கள். அவர் அதுவரை ஒரு பட்டுப்புழுவைக்கூடக் கையில் எடுத்ததில்லை. அலெஸ் என்ற ஊரில் தங்கி, ஆண்டுதோறும் புழுப்பருவத்தில் அங்கேயே வேலை செய்தார். அந்த ஆண்டுகள் அவருடைய வீட்டுக்கும் கொடுமையானவை. 1865இல் தந்தையும் 2 வயது மகளும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு 12 வயது மகள் டைபாய்டு காய்ச்சலில் போனாள். 1859இலேயே மூத்த மகளை அதே காய்ச்சலில் இழந்திருந்தார். ஐந்து பிள்ளைகளில் மிஞ்சியது இருவர்.

1868 அக்டோபரில், 45 வயதில், அவருக்கே பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தன. படுக்கையிலிருந்தே குறிப்புகளைச் சொல்லி எழுத வைத்தார். சில மாதங்களில் மறுபடியும் தெற்கே புறப்பட்டார். அதன்பின் கடைசிவரை இடது காலை இழுத்துத்தான் நடந்தார்.

பட்டுப்புழு விஷயத்தில் அவருக்கும் முதலில் தடுமாற்றம் இருந்தது. நுண்ணோக்கியில் தெரிந்த சிறு துகள்கள்தான் நோய்க்கிருமி என்பதை அவர் ஏற்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. நோய் தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுப் புழுவுக்குப் போகிறது என்பது தெரிந்ததும் தீர்வு எளிதாகிவிட்டது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியாக முட்டையிட வைக்க வேண்டும். பிறகு அந்தப் பூச்சியைத் தண்ணீர் விட்டு அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கிருமி இருந்தால் அதன் முட்டைகளை எரித்துவிட வேண்டும். இல்லையென்றால் விதைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்றும் வித்தகங்களில் தாய்ப்பூச்சியைப் பரிசோதித்த பிறகே முட்டைத்தொகுதிகளைத் தருகிறார்கள்.

இன்னொரு உண்மையும் வெளிவந்தது. விவசாயிகள் ஒரே நோய் என்று நினைத்தது உண்மையில் இரண்டு நோய்கள். இரண்டாவது நோயான பிளாச்சரி, ஈரமான, புளித்த இலையாலும், காற்றோட்டமில்லாத மனையாலும், நெருக்கமாக வளர்ப்பதாலும் பெருகியது. அதற்கு நல்ல முட்டை மட்டும் போதாது. பராமரிப்பும் சுத்தமாக இருக்க வேண்டும்.

நீங்கள் வளர்ப்பது ஆடானாலும் மாடானாலும் கோழியானாலும் இதே கணக்குதான். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய ஒரு ஆடு, மந்தைக்கே ஆட்டுக்கொல்லி நோயைக் கொண்டுவரலாம். புதிதாக வாங்கியதை நேராகப் பட்டியில் விடாதீர்கள். குறைந்தது 3 வாரமாவது தனியே கட்டி, தனித் தண்ணீர்த் தொட்டி வைத்து, தீனி எடுக்கிறதா, கழிகிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்று பாருங்கள். தனியே கட்டியதைக் கடைசியில் கவனித்துவிட்டுக் கைகால் கழுவுங்கள்.

சாபம் பிடித்த வயல்கள்

பாரிசுக்குத் தென்மேற்கே சார்த்ரே நகரைச் சுற்றியுள்ள போஸ் சமவெளி, கோதுமைக்கும் செம்மறி ஆடுகளுக்கும் பெயர் பெற்றது. அங்கே சில வயல்களில் ஆடுகளை மேயவிட்டால் ஆண்டுதோறும் செத்து விழுந்தன. காரணம் தெரியாத விவசாயிகள் அவற்றைச் சாபம் பிடித்த வயல்கள் என்றார்கள். நோய் அடைப்பான். சில ஊர்களில் ஆண்டுக்காண்டு மந்தையில் கணிசமான பங்கு போய்விடும். ஆடு உரித்தவர்களும் மேய்ப்பர்களும் கையில் கரும்புண் வந்து இறந்தார்கள்.

இந்த நோயின் கிருமியை ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் மருத்துவராக இருந்த ராபர்ட் கோக் ஆராய்ந்து, 1876இல் முக்கியமான உண்மை ஒன்றை வெளியிட்டார். உடலுக்கு வெளியே வந்த கிருமி, கெட்டியான உறையிட்ட வித்துகளாக மாறிக்கொள்ளும். அந்த வித்துகள் வெயில், மழை, வறட்சி எல்லாவற்றையும் தாங்கிப் பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். 1877இல் பாஸ்டரும் இந்த நோயைக் கையில் எடுத்தார். எமில் ரூ, சார்ல்ஸ் ஷாம்பர்லான் என்ற இளம் உதவியாளர்கள் பண்ணைகளிலேயே தங்கி வேலை செய்தார்கள்.

பாஸ்டரின் பழக்கம், பண்ணையாரோடும் மேய்ப்பரோடும் வயலைச் சுற்றி நடப்பது. அப்படி ஒருநாள் நடந்தபோது, ஒரு வயலில் ஓரிடத்தில் மட்டும் மண்ணின் நிறம் வேறாக இருப்பதைக் கவனித்தார். கேட்டபோது, முந்தைய ஆண்டு அடைப்பானில் செத்த ஆடுகளை அங்கேதான் புதைத்ததாகப் பண்ணையார் சொன்னார். குனிந்து பார்த்தால் மேலே எங்கும் மண்புழு வெளித்தள்ளிய சிறு மண் உருண்டைகள். அந்த மண்ணையும் புழுக்களையும் எடுத்துப் போய்ச் சோதித்தார். அவற்றில் அடைப்பான் வித்துகள் இருந்தன. புதைத்த உடலிலிருந்து கிருமியை மண்புழு மேலே கொண்டுவருகிறது, மழை அதைப் புல்லில் தெளிக்கிறது, அந்தப் புல்லை அடுத்த ஆண்டு ஆடு தின்கிறது என்று அவர் விளக்கினார்.

தீவனத்திலும் ஒரு சோதனை செய்தார். கிருமி தெளித்த தீவனத்தை மட்டும் தின்ற ஆடுகளில் சில செத்தன. அதே தீவனத்தில் முள்செடியும் கூரான கதிர்த்தாளும் கலந்து கொடுத்தபோது சாவு கூடியது. வாயில் ஏற்படும் சிறு கீறலே கிருமிக்குக் கதவு திறந்துவிடுகிறது. கோடையில் புல் காய்ந்து, ஆடுகள் மண்ணோடு ஒட்டக் கரம்பி, முள்ளையும் தட்டையையும் கடிக்கும் காலத்தில் நோய் ஏன் கூடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

அவர் விவசாயிகளுக்குச் சொன்ன யோசனை எளிமையானது. நோயில் செத்த கால்நடையை மேய்ச்சல் நிலத்திலும் தீவனம் விளையும் நிலத்திலும் புதைக்கக் கூடாது. புதைக்க வேண்டுமானால் மண்புழு அதிகம் வாழாத, வறண்ட மணல் அல்லது சுண்ணாம்பு நிலமாகப் பார்க்க வேண்டும். சாபம் என்று சொல்லப்பட்டது, மனிதர்கள் தம் கையாலேயே புதைத்து வைத்த நோய்தான்.

குளிர்ந்த கோழிக்கு வந்த நோய்

1878இல் செய்த இன்னொரு சோதனை கோழி வளர்ப்பவர்களுக்கு உரியது. கோழிக்குச் சாதாரணமாக அடைப்பான் வராது. கோழியின் உடல் வெப்பம் ஆட்டைவிட அதிகம், அதனால் கிருமி வளர முடியவில்லையோ என்று பாஸ்டர் சந்தேகப்பட்டார். ஒரு கோழிக்குக் கிருமியைச் செலுத்தி, அதன் உடலின் கீழ்ப்பகுதி குளிர்ந்த நீரில் இருக்கும்படி வைத்தார். உடல் வெப்பம் இறங்கியது. கோழி அடைப்பானில் செத்தது. இன்னொரு கோழியை நோய் தொடங்கியதும் நீரிலிருந்து எடுத்துச் சூடு கிடைக்கும்படி வைத்தார். அது பிழைத்துக்கொண்டது.

கிருமி உள்ளே நுழைவது பாதிக் கதை. உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பது மீதிக் கதை. மழையில் நனைந்த கொட்டகை, ஈரமான ஆழ்கூளம், இரவில் குளிர்காற்று நேராக அடிக்கும் பட்டி, வண்டியில் நெருக்கி ஏற்றி வந்த களைப்பு இவையெல்லாம் நோய்க்கு இடம் கொடுப்பவை. கொட்டகையின் ஓட்டை அடைப்பதும் ஒரு மருத்துவம்தான்.

கோழி காலராவும் பழைய கிருமியும்

ஒரே நாளில் கூண்டுக் கோழிகள் கொத்தாகச் சாகும் கோழி காலராவின் கிருமி, துலூஸ் கால்நடை மருத்துவப் பள்ளிப் பேராசிரியர் ஆன்ரி துசேன் மூலம் பாஸ்டருக்குக் கிடைத்தது. அதைக் கோழி ரசத்தில் வளர்த்து வந்தார்கள். 1879இல், நாட்பட்ட கிருமியைச் செலுத்திய கோழிகள் சற்று வாடினாலும் சாகவில்லை என்பது தெரியவந்தது. பிறகு அதே கோழிகளுக்குப் புதிய, வீரியமான கிருமியைச் செலுத்தியபோதும் அவை தாங்கிக்கொண்டன. ஏதோ ஒரு விடுமுறை முடிந்து வந்த நாளில் தற்செயலாக நடந்தது என்று இதைக் கதையாகச் சொல்வார்கள். உண்மையில் பாஸ்டரும் ரூவும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து உறுதி செய்த வேலை இது.

அதற்கு முன்பே, ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்திருந்தார். அது இயற்கையில் கிடைத்த பொருள். நோய்க்கிருமியையே ஆய்வகத்தில் வலுக்குறைத்துத் தடுப்பூசியாக்கலாம் என்பதைக் காட்டியது 1880இல் வெளிவந்த இந்தக் கோழி காலரா வேலைதான். இன்று உங்கள் கோழிக்குப் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும், வீரியம் குறைந்த உயிருள்ள கிருமி என்ற அதே வழியில் வந்ததே.

புய்யி-லெ-ஃபோர் பண்ணையில் 50 ஆடுகள்

1881இல் அடைப்பானுக்கும் தடுப்பூசி தயார் என்று பாஸ்டர் அறிவித்தார். பலர் நம்பவில்லை. பாரிசுக்கு அருகில் மெலன் வட்டார விவசாயச் சங்கம், ஊரறியச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஆடுமாடுகளைத் தர முன்வந்தது. இடம், புய்யி-லெ-ஃபோரில் ஒரு கால்நடை மருத்துவரின் பண்ணை. கிருமிக் கொள்கையைச் சந்தேகித்தவர்களில் அந்த மருத்துவரும் ஒருவர்.

மே 5 அன்று 24 செம்மறி ஆடுகளுக்கும் 1 வெள்ளாட்டுக்கும் 6 மாடுகளுக்கும் முதல் ஊசி போட்டார்கள். மே 17இல் சற்று வீரியம் கூடிய இரண்டாம் ஊசி. இன்னொரு பக்கம் 24 செம்மறி, 1 வெள்ளாடு, 4 மாடுகள் தடுப்பூசி இல்லாமல் இருந்தன. மே 31 அன்று இரண்டு பக்கத்துக்கும் சாகடிக்கக்கூடிய அடைப்பான் கிருமியைச் செலுத்தினார்கள். தடுப்பூசி போட்டவை அனைத்தும் பிழைக்கும், போடாத ஆடுகள் அனைத்தும் சாகும் என்று பாஸ்டர் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருந்தார். ஒரு சில ஆடுகள் மாறி விழுந்திருந்தாலும் அவர் பெயர் கெட்டிருக்கும்.

ஜூன் 2 பிற்பகல், விவசாயிகளும் கால்நடை மருத்துவர்களும் அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் பண்ணையில் கூடியிருந்தார்கள். தடுப்பூசி போடாத ஆடுகளில் பெரும்பாலானவை வரிசையாகச் செத்துக் கிடந்தன. இரண்டு ஆடுகள் கூட்டத்தின் கண் முன்னே விழுந்தன. மிச்சமிருந்த ஒன்றும் அன்று பொழுதுக்குள் செத்தது. தடுப்பூசி இல்லாத 4 மாடுகளும் சாகவில்லை, ஆனால் காய்ச்சலும் பெரிய வீக்கமும் கண்டிருந்தன. தடுப்பூசி போட்டவை மேய்ந்துகொண்டிருந்தன. பின்னர் அவற்றில் ஒரு சினை ஆடு மட்டும் இறந்தது. வயிற்றில் குட்டி முன்பே இறந்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது.

அடுத்த 12 ஆண்டுகளில் பிரான்சில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளுக்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளுக்கும் அடைப்பான் தடுப்பூசி போடப்பட்டது. சாவு ஆடுகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கும், மாடுகளில் அதற்கும் கீழும் இறங்கியது.

அந்தத் தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். இரண்டு ஊசிகளுக்கு நடுவே 12 நாள். இரண்டாம் ஊசிக்குப் பிறகு 14 நாள் கழித்துத்தான் நோய்க்கிருமி. உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க நாள் வேண்டும். பக்கத்துத் தெருவில் கோமாரி வந்தபின் ஓடிப்போய் ஊசி போட்டுவிட்டு, மாட்டுக்கு நோய் வந்ததும் ஊசியைக் குறை சொல்வதில் பயனில்லை. அதேபோல, கன்றுக்கு முதல் கோமாரி ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்துப் போட வேண்டிய அடுத்த ஊசியை விட்டுவிட்டால் பாதுகாப்பு அரைகுறைதான்.

வெளியில் சொல்லாத ஒன்று

பாஸ்டரின் வாழ்க்கையில் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. மேலே சொன்ன துசேன், பாஸ்டருக்கு முன்பே, 1880இல், அடைப்பானுக்குத் தடுப்பூசி செய்து அறிவித்திருந்தார். அவர் வெப்பத்தாலும் கிருமிநாசினியாலும் கிருமியை வலுவிழக்கச் செய்தார். பாஸ்டர் தம்முடைய வழி காற்றும் வெப்பநிலையும் கொண்டு வீரியம் குறைப்பது என்று அறிவித்து வந்தார். ஆனால் புய்யி-லெ-ஃபோரில் போட்டது, ஷாம்பர்லான் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துத் தயாரித்த தடுப்பூசி. வழியில் அது துசேனின் முறைக்கு நெருக்கமானது. இதை பாஸ்டர் வெளியே சொல்லவில்லை. அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் சுமார் நூறு ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்தபிறகே இது பரவலாகத் தெரிந்தது. துசேன் நரம்பு நோயால் நலிந்து, 1890இல் 43 வயதில், போதிய புகழ் கிடைக்காமலே இறந்தார்.

இதனால் தடுப்பூசி பொய்யாகிவிடவில்லை. 24 ஆடுகள் பிழைத்ததும் 24 ஆடுகள் செத்ததும் உண்மை. ஆனால் ஒரு மந்தை பிழைக்கும்போது அதன் பின்னால் பல பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1882 முதல் பன்றிகளின் செந்நோய்க்குத் தடுப்பூசி கண்டதில் பெரும்பங்கு வகித்த லூயி தூய்லியே என்ற உதவியாளர், அடுத்த ஆண்டே எகிப்தில் காலரா ஆராயப் போன இடத்தில், 27 வயதில், அந்த நோய்க்கே பலியானார்.

வெறிநோயும் இறுதிக் காலமும்

1880களில் பாஸ்டர் வெறிநோயை ஆராயத் தொடங்கினார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியம் குறைந்த தடுப்பு மருந்தை உண்டாக்கி, முதலில் நாய்களில் சோதித்தார். 1885 ஜூலை 6 அன்று, அல்சாஸ் பகுதியிலிருந்து வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரை அவனுடைய தாய் அழைத்து வந்தார். பாஸ்டர் மருத்துவர் அல்ல என்பதால் வேறு மருத்துவர் ஊசி போட்டார். பத்து நாட்களில் பதின்மூன்று ஊசிகள். சிறுவன் பிழைத்தான். அடுத்து வந்தவன், மற்ற சிறுவர்களைக் காக்க வெறிநாயோடு கட்டிப் புரண்ட ஓர் இளம் மேய்ப்பன். அவனும் பிழைத்தான்.

மக்கள் தந்த நன்கொடையில் 1888 நவம்பரில் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28 அன்று பாஸ்டர் காலமானார். அந்த நாள்தான் இப்போது உலக வெறிநோய் தினம். அவர் பெயரில் 1907இல் குன்னூரில் தொடங்கிய நிறுவனம் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்குப் பெயர் பெற்றது. 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம், அடைப்பான் உள்ளிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி தயாரித்து வருகிறது. இப்போது போடும் அடைப்பான் ஊசி பாஸ்டருடையது அல்ல. 1930களில் தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் கண்டுபிடித்த, அதைவிடப் பாதுகாப்பான வகை.

உங்கள் பட்டியில் செய்ய வேண்டியவை

திடீரென்று செத்த, ரத்தம் உறையாமல் கசியும் கால்நடையை அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள், கறியை விற்கவோ உண்ணவோ வேண்டாம். உடலைத் திறந்தால்தான் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் தங்கும். நாய், காக்கை அண்டாமல் காவல் வையுங்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தகவல் சொல்லுங்கள். மருத்துவர் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தாலே போதும்.

உடலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மருத்துவர் சொல்லும் வகையில் எரிக்கலாம். அல்லது செத்த இடத்துக்கு அருகிலேயே, கிணறு, ஓடை, மேய்ச்சல் தரைக்கு எட்டாத மேட்டில், 6 அடிக்குக் குறையாத குழியில் புதைக்கலாம். ரத்தம் பட்ட மண், மிச்சத் தீவனம், கூளம் எல்லாம் அதே குழிக்குள் போக வேண்டும். மேலே முள்வேலி கட்டி, அந்த இடத்தில் மேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறைக்கும் அந்த இடத்தைச் சொல்லி வையுங்கள்.

செத்த கால்நடையைத் தொட்டவருக்குக் கையிலோ முகத்திலோ வலியில்லாத கொப்புளம் தோன்றி நடுவில் கறுத்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், கால்நடை செத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகிவிடும்.

முன்பு அடைப்பான் வந்த ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள். தொண்டை அடைப்பான் என்பது வேறு நோய்; அதற்கு ஊசியும் வேறு. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதற்கும் சேர்த்துப் போட்டதாக எண்ண வேண்டாம். அடைப்பான் ஊசி உயிருள்ள வித்துகளால் ஆனது. அதனால் ஊசி போடும் நாட்களையொட்டி பென்சிலின் போன்ற மருந்து கொடுத்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்தத் தடுப்பூசியும் பனிக்கட்டிப் பெட்டியில் வருகிறதா என்று பாருங்கள். நோயுற்ற கால்நடைக்குப் போட வேண்டாம். சினை மாட்டுக்கு மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

மாடு எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல் திணறினால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வெறுங்கையை வாய்க்குள் விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். நாய் கடித்தாலோ எச்சில் புண்ணில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கடிபட்ட மாட்டுக்கும் அன்றே கால்நடை மருத்துவர் தேவை. வீட்டு நாய்க்கும் பட்டி நாய்க்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட்டால் இந்த ஓட்டமே வேண்டியிருக்காது.

பாஸ்டர் காலத்து விவசாயிக்கு, தடுப்பூசி பலிக்குமா என்று பார்க்க ஊரே திரண்டு போய்ச் செத்த ஆடுகளை எண்ண வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த வேலை இல்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் தடுப்பூசி முகாம் அறிவித்தால், கன்று முதல் கிழமாடு வரை ஒன்று விடாமல் ஓட்டிக்கொண்டு போங்கள். போட்ட தேதியையும் அடுத்த தவணையையும் சுவரிலோ நோட்டிலோ எழுதி வையுங்கள்.